கணக்குப் பார்க்காத சோதனைக்கூடம்

2018 டிசம்பர். அலுவலக வேலையாக வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் குடும்பத்தோடு இருந்தோம். மகளுக்கு ஐந்தரை வயது. பள்ளியில் தினம் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தனுப்புவார்கள். பக்கத்துக்கு ஒரு வரி, மேலே ஒரு படம். கடகடவென்று படித்துக் காட்டுவாள். எனக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் 'ஷிப்' என்று அச்சாகியிருந்த இடத்தில் 'போட்' என்று படித்தாள். "எங்கம்மா போட்னு போட்டிருக்கு?" என்றேன். "படத்தைப் பாருப்பா" என்றாள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். முடியவில்லை. வேறு நாலு புத்தகங்களிலும் செய்து பார்த்தேன். அதே கதைதான். அவள் படித்துக்கொண்டிருக்கவில்லை, ஊகித்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியை நல்லவர். பொறுமையாக விளக்கினார். படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், எந்தச் சொல் போட்டால் அர்த்தம் வரும் என்று யோசி. இந்த மூன்றும்தான் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறோம், மற்றது தானாக வந்துவிடும் என்றார். அன்று இரவு வீடியோ காலில் அம்மாவிடம் சொன்னேன். "எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுடா. இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?" என்றார்.

அந்த 'எதுக்கு ஆராய்ச்சி' என்ற கேள்வியைத்தான் சில வருடங்களாகப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருக்கிறேன். நான் கல்வியியல் படித்தவன் இல்லை. பிஇ முடித்து இருபது வருடமாகக் கோட் எழுதிப் பிழைக்கிறவன். பாடத்திட்டச் சீர்திருத்தம் பற்றிய அரசு அறிக்கைகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் இரவில் உட்கார்ந்து படிப்பது என் பைத்தியம். அப்படிப் படித்ததில் எனக்குப் பட்ட ஒரு குறையைத்தான் இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன்.

இலவசமாகக் கிடைத்த ஒரு பரிசோதனை

முதலில் பின்னணி. பிரிட்டன் ஒரே நாடு என்றாலும் பள்ளிக்கல்வி ஒரே துறை கிடையாது. 1997ல் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 1999ல் எடின்பரோவில் நாடாளுமன்றமும் கார்டிஃபில் பேரவையும் வந்தன. ஸ்காட்லாந்தின் கல்விமுறை அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே தனி. வேல்ஸ் அப்படி இல்லை. 1988 சட்டம் கொண்டுவந்த தேசியப் பாடத்திட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பெரும்பாலும் பொதுவானது. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வும் அப்படியே.

மென்பொருள்காரர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரே கோட் பேஸ், 1999ல் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று லண்டன் சொல்படி போகிறது, இன்னொன்று கார்டிஃப் சொல்படி. எது வேலை செய்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இப்படி ஒரு ஏ/பி டெஸ்ட் எந்த நாட்டுக்கும் சுலபத்தில் வாய்க்காது. அதிகாரப் பகிர்வை ஆதரிக்கிறவர்கள் சொல்லும் நல்ல வாதங்களில் ஒன்றும் இதுதான்: ஆளுக்கு ஒரு வழியில் செய்து பார்ப்போம், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்போம். முதல் பாதி நடந்தது.

2001ல் வேல்ஸ் அரசு, பள்ளிகளின் தேர்வு முடிவுகளை வரிசைப்படுத்திப் பத்திரிகையில் வரும் பட்டியலை நிறுத்தியது. இங்கிலாந்து தொடர்ந்து வெளியிட்டது. 2002ல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கான தேசியத் தேர்வையும், அடுத்த சில ஆண்டுகளில் பதினொன்று, பதினான்கு வயதுத் தேர்வுகளையும் வேல்ஸ் கைவிட்டது. இவை கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவுகள் இல்லை. தேர்வுக்காகவே பாடம் நடத்தினால் பாடம் சுருங்கிப்போகிறது, பட்டியலில் மேலே வர பள்ளிகள் குறுக்குவழி தேடுகின்றன என்பதற்கு அன்றே நிறைய ஆய்வுகள் இருந்தன. ரிச்சர்ட் டாஹெர்ட்டி தலைமையிலான குழுவின் 2004 அறிக்கையும் அந்த வழியில்தான் பேசியது.

பட்டியலை நிறுத்தியதால் என்ன ஆனது? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் சைமன் பர்ஜஸ், டெபோரா வில்சன், ஜாக் வொர்த் மூவரும் 2010ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வேல்ஸ் பள்ளிகளை அவற்றைப் போன்ற இங்கிலாந்துப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பட்டியலை நிறுத்தியபின் வேல்ஸில் ஒரு மாணவருக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 ஜிசிஎஸ்இ கிரேடு குறைந்திருந்தது. அதாவது இரண்டு பாடங்களில் பி வாங்க வேண்டிய பிள்ளை சி வாங்கியது போல. இதைவிட முக்கியமான விஷயம், முதல் கால்வாசி இடத்தில் இருந்த நல்ல பள்ளிகளில் எந்தப் பாதிப்பும் இல்லை. அடிபட்டது மீதி முக்கால்வாசி. இன்னொன்றும் கண்டார்கள்: பட்டியல் போனதால் பணக்காரப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் கலந்து படிக்கும் நிலையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

அதற்காகப் பட்டியல் நல்லது என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். பட்டியலுக்குப் பதில் வேறு ஏதாவது கண்காணிப்பு இருந்திருந்தால் இந்த இழப்பு இல்லாமலே போயிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்கும் முறையைப் பாருங்கள். ஒரு மாற்றம் செய்தோம், அதனால் என்ன விளைந்தது, யாருக்கு விளைந்தது. இதை அரசு கேட்டிருக்க வேண்டும். கேட்டது செவர்ன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பொருளியல்காரர்கள்.

மணி அடித்தது

2010 டிசம்பரில் பீசா முடிவு வந்தது. ஓஈசிடி அமைப்பு பல நாடுகளில் பதினைந்து வயது மாணவர்களுக்கு நடத்தும் தேர்வு இது. வேல்ஸுக்கு வாசிப்பில் 476, கணிதத்தில் 472. பிரிட்டனின் நான்கு பகுதிகளில் கடைசி. அப்போதைய கல்வி அமைச்சர் லைட்டன் ஆண்ட்ரூஸ் அதை மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. பள்ளிகளைத் தரம் பிரித்தார், வாசிப்புக்கும் எண்ணறிவுக்கும் தேசியத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தார். தரம் பிரித்த முறை 2014ல் கைவிடப்பட்டு வேறொன்று வந்தது. பிறகு அதுவும் போனது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆதாரத்துக்கு ஒரு சீர்திருத்தத்தில் மூன்று வேலை உண்டு. ஒன்று, ஏதோ தப்பு நடக்கிறது என்று மணி அடிப்பது. இரண்டு, செய்யப்போவது சரிதான் என்று சிபாரிசு செய்வது. மூன்று, செய்து முடித்தபின் கணக்குப் பார்ப்பது. அரசாங்கங்களுக்கு முதல் இரண்டும் பிடிக்கும். மணி அடித்தால் பழைய ஆட்சியையோ பழைய முறையையோ குறை சொல்லலாம். சிபாரிசு கிடைத்தால் மேடையில் பேசலாம். மூன்றாவதில் அரசியல்வாதிக்கு என்ன லாபம்? ஒன்றுமே இல்லை.

ஒரு அறிக்கையும் அதன் மூலப் பிரதியும்

2015 பிப்ரவரியில் 'சக்சஸ்ஃபுல் ஃப்யூச்சர்ஸ்' என்ற அறிக்கை வெளியானது. வேல்ஸின் பாடத்திட்டத்தை அடியோடு மாற்றச் சொன்ன அறிக்கை. எழுதியவர் பேராசிரியர் கிரஹாம் டொனால்ட்சன். 68 பரிந்துரைகள். படிக்க நன்றாக இருக்கும் அரசு அறிக்கைகள் மிகக் குறைவு, இது அதில் ஒன்று. பாடத்திட்டம் எதற்காக என்ற அடிப்படைக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. நான்கு நோக்கங்களைச் சொல்கிறது: இலட்சியமும் திறனும் உள்ள கற்பவர்கள், முனைப்பும் படைப்பாற்றலும் உள்ள பங்களிப்பாளர்கள், அறவுணர்வும் விவரமும் உள்ள குடிமக்கள், ஆரோக்கியமும் தன்னம்பிக்கையும் உள்ள தனிமனிதர்கள். பாடங்களை ஆறு பெரும் துறைகளாகத் தொகுக்கச் சொல்கிறது. எதை எந்த வகுப்பில் நடத்துவது என்பதில் பள்ளிகளுக்குப் பெரிய சுதந்திரம்.

இப்போது ஸ்காட்லாந்துக்கு வருவோம். அங்கே 2004ல் ஒரு பாடத்திட்ட ஆவணம் வந்தது. 'கரிக்குலம் ஃபார் எக்ஸலன்ஸ்' என்று பெயர். அதிலும் நான்கு: வெற்றிகரமான கற்பவர்கள், தன்னம்பிக்கையுள்ள தனிமனிதர்கள், பொறுப்புள்ள குடிமக்கள், திறம்பட்ட பங்களிப்பாளர்கள். அடைமொழிகளை எடுத்துவிட்டால் இரண்டு பட்டியலும் ஒன்றேதான். ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. டொனால்ட்சன் ஸ்காட்லாந்தின் பள்ளி ஆய்வுத்துறைக்கு 2010 வரை தலைவராக இருந்தவர். அந்தச் சீர்திருத்தத்தை உள்ளிருந்து பார்த்தவர்.

அடுத்தவர் செய்ததை எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. நாங்கள் தினமும் அதைத்தான் செய்கிறோம். ஒருவருடைய ரெப்போவை ஃபோர்க் செய்வதற்கு முன் அதில் என்னென்ன பக் பதிவாகியிருக்கிறது என்று மட்டும் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் பாடத்திட்டம் பள்ளிகளில் 2010ல் முழுவீச்சில் வந்தது. அதைப் பற்றி ஓஈசிடி ஆராய்ந்து எழுதிய முதல் பெரிய அறிக்கை 2015 டிசம்பரில் வெளியானது. வேல்ஸ் அறிக்கை வந்து பத்து மாதம் கழித்து! அந்த ஓஈசிடி அறிக்கையில் பாராட்டு நிறைய இருந்தது. ஆனால் நடைமுறை எப்படிப் போகிறது என்று முறையாக மதிப்பிட்ட ஆய்வுகள் போதவில்லை என்ற குறையும் இருந்தது. அதாவது, வேல்ஸ் நகலெடுத்தபோது மூலப் பிரதி வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

ஸ்காட்லாந்துக்குள்ளேயே எச்சரித்தவர்கள் இருந்தார்கள். 2010லேயே மார்க் பிரீஸ்ட்லி, வால்டர் ஹ்யூம்ஸ் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாடத்திட்டக் கோட்பாட்டில் முன்பே நடந்த விவாதங்களை மறந்துவிட்டு இது கட்டப்பட்டிருக்கிறது, அறிவுக்கு இதில் என்ன இடம் என்பதே தெளிவாக இல்லை என்பது அவர்கள் விமர்சனம்.

'அறிவா, திறனா' என்ற இந்தச் சண்டையை ஒரு சின்ன ஆய்வை வைத்துச் சொன்னால் புரியும். 1988ல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் பலவீனமாக இருந்தும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கிரிக்கெட் தெரியாதவரிடம் 'மிட்விக்கெட்டில் கேட்ச் விட்டதால் ஃபாலோ ஆன் தப்பியது' என்று கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு வாசிப்புத் திறன் இருந்தும் பயனில்லை. வாசித்துப் புரிந்துகொள்வது தனித் திறன் இல்லை, விஷயம் தெரிந்திருப்பதையும் சேர்த்துத்தான். இது சின்ன ஆய்வுதான், இதை மட்டும் வைத்துப் பாடத்திட்டம் எழுதக்கூடாது. ஆனால் விஷய அறிவைப் பள்ளிகளின் விருப்பத்துக்கு விடும் ஒரு பாடத்திட்டம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் விஷயம் கிடைக்கும் பிள்ளை தப்பித்துவிடும். கிடைக்காத பிள்ளை?

தராசை எடுத்து உள்ளே வைத்த கதை

ஸ்காட்லாந்து கணக்குப் பார்த்ததா? இதுதான் எனக்கு மிகவும் உறுத்தும் பகுதி.

சர்வதேச அளவில் கணிதம், அறிவியலை அளக்க டிம்ஸ் என்ற தேர்வும், ஆரம்பப் பள்ளி வாசிப்பை அளக்க பர்ல்ஸ் என்ற தேர்வும் உண்டு. ஸ்காட்லாந்து 2006 பர்ல்ஸிலும் 2007 டிம்ஸிலும் இருந்தது. 2011 சுற்றில் இரண்டிலும் இல்லை. அதாவது, புதிய பாடத்திட்டம் வகுப்பறைக்குள் நுழைந்த அதே காலத்தில் ஸ்காட்லாந்து இந்த இரண்டு அளவுகோல்களிலிருந்தும் வெளியேறியது. திரும்பச் சேரப்போவதாக அறிவித்தது 2023ல்.

சொந்தமாக ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு வைத்திருந்தார்கள். வாசிப்பு, எழுத்து, எண்ணறிவை அளக்க 2011 முதல் நடந்தது. இரண்டாம் ஆண்டு உயர்நிலை மாணவர்களில் எழுத்தில் நன்றாகச் செய்தவர்கள் 2012ல் 64 சதவீதம், 2014ல் 55, 2016ல் 49. அந்த 2016 கணக்கெடுப்போடு அது முடிந்தது. அதற்குப் பதிலாக ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களைப் பற்றித் தாங்களே தரும் மதிப்பீடு வந்தது. ஆசிரியர் மதிப்பீட்டுக்கு வகுப்பறையில் பெரிய பயன் உண்டு. ஆனால் பத்து வருடத்தில் நாடு ஏறியதா இறங்கியதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. முந்தைய எண்களோடு ஒப்பிடவும் முடியாது.

மிச்சம் இருந்தது பீசா மட்டும். ஸ்காட்லாந்தின் கணித மதிப்பெண் 2009ல் 499, 2012ல் 498, 2015ல் 491, 2018ல் 489, 2022ல் 471. அறிவியல் 514லிருந்து 483க்கு வந்தது. நியாயமாகச் சொன்னால் வாசிப்பு அவ்வளவு மோசமில்லை: 500, 506, 493, 504, 493. கணிதச் சரிவும் புதிய பாடத்திட்டத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது, 2003ல் அது 524. 2022ல் கோவிட் வேறு. ஆகவே 'பாடத்திட்டம்தான் காரணம்' என்று இந்த எண்களை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. 'பாடத்திட்டம் காரணம் இல்லை' என்றும் முடியாது. பிரித்துச் சொல்ல உதவியிருக்கும் மற்ற தராசுகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் லிண்ட்சே பேட்டர்சன் இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் தொழிலில் ஒருவர் பெரிய ரிலீஸ் போடும் அன்றைக்கே மானிட்டரிங்கை ஆஃப் செய்தால் அவரைக் கூப்பிட்டு விசாரிப்போம். கெட்ட எண்ணம் இருந்ததா என்பது இரண்டாவது விஷயம். செலவு மிச்சம், பள்ளிகளுக்குச் சுமை குறையட்டும் என்று நல்ல காரணம்கூட இருந்திருக்கலாம். விளைவு ஒன்றுதான், இப்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது.

2021 ஜூனில் ஓஈசிடி மறுபடியும் ஒரு அறிக்கை கொடுத்தது. கேட்டு வாங்கியது ஸ்காட்லாந்து அரசு. ஆண்டு தொடக்கத்தில் வரவேண்டிய அறிக்கை மே மாதத் தேர்தல் முடிந்தபின் வந்தது, எதிர்க்கட்சிகள் சத்தம் போட்டன. இதுவும் தொலைநோக்கைப் பாராட்டியது, மேல்வகுப்புத் தேர்வுமுறை பாடத்திட்டத்தோடு ஒட்டவில்லை என்று குறை சொன்னது. பயனுள்ள குறைதான். ஆனால் வெளி அமைப்பை அழைத்துக் கருத்துக் கேட்பது வேறு, தொடர்ந்து அளப்பது வேறு. டாக்டர் வந்து பார்த்து 'தெளிவா இருக்கீங்க' என்று சொல்வதும், மாதாமாதம் சர்க்கரை அளவு எழுதி வைப்பதும் ஒன்றாகுமா?

சொந்த ஊரில் விலைபோகாத ஆய்வு

இப்போது என் மகளின் 'போட்'டுக்குத் திரும்புகிறேன்.

ஸ்காட்லாந்தில் கிளாக்மேனன்ஷயர் என்று ஒரு சின்ன மாவட்டம். 1990களின் பிற்பகுதியில் ரோனா ஜான்ஸ்டன், ஜாய்ஸ் வாட்சன் இருவரும் அங்கே சுமார் 300 குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் முறைகளை ஒப்பிட்டார்கள். எழுத்தின் ஒலியைச் சொல்லி, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் முறை அதில் ஒன்று. அம்மா சொன்ன எழுத்துக் கூட்டல்தான், ஆங்கிலத்தில் அதற்கு சிந்தெடிக் ஃபோனிக்ஸ் என்று பெயர். அந்தக் குழு 16 வாரத்தில் மிகவும் முன்னேறிவிட்டதால் மற்றவர்களுக்கும் அதையே கற்பித்தார்கள். ஏழு வருடம் கழித்து, 2005ல், முடிவு வந்தது. சொற்களைப் படிப்பதில் வயதைவிட மூன்றரை வருடம் முன்னால், எழுத்துக்கூட்டி எழுதுவதில் 1 வருடம் 8 மாதம் முன்னால். படித்ததைப் புரிந்துகொள்வதில் மூன்றரை மாதம் முன்னால்.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். முதல் எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். தவிரவும் எல்லோருக்கும் அதே முறையைக் கொடுத்துவிட்டதால் கடைசியில் ஒப்பிட ஒரு தனிக் குழு இல்லை. இந்தக் குறைகளை அன்றே பலர் எழுதினார்கள்.

இந்த ஆய்வை வெளியிட்டது ஸ்காட்லாந்து அரசு. கையில் எடுத்துக்கொண்டது இங்கிலாந்து! 2006ல் ரோஸ் அறிக்கை அதன் வழியில் பரிந்துரைத்தது, 2012 முதல் இங்கிலாந்தில் ஆறு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் ஃபோனிக்ஸ் சோதனை வந்தது. ஸ்காட்லாந்து எந்த முறையையும் நாடு முழுக்க விதிக்கவில்லை. வேல்ஸும் இங்கிலாந்தின் சோதனையைப் பின்பற்றவில்லை.

வேல்ஸிடம் தன் சொந்த ஆய்வே இருந்தது. 2001ல் பாங்கர் பல்கலைக்கழகத்தின் நிக் எல்லிஸும் மாரி ஹூப்பரும் வேல்ஸ் மொழியில் படிக்கும் குழந்தைகளையும் ஆங்கிலத்தில் படிக்கும் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். வேல்ஸ் மொழி, தமிழைப் போல, எழுத்தைப் பார்த்தால் உச்சரித்துவிடலாம். வேல்ஸில் படித்த குழந்தைகள் தங்கள் மொழியில் அதிகச் சொற்களைப் படித்தார்கள். தப்பு செய்த விதம்தான் சுவாரசியம். வேல்ஸ் மொழிக் குழந்தைகள் எழுத்துக் கூட்டி, அர்த்தமே இல்லாத ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்வார்கள். ஆங்கிலக் குழந்தைகள் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறொரு உண்மையான சொல்லைச் சொல்வார்கள். 'ஷிப்'புக்கு 'போட்' மாதிரி. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கிலாந்து யோக்கியமா?

இதுவரை படித்தவர்கள் நான் லண்டன் பக்கம் சாய்வதாக நினைக்கலாம். இல்லை. 2014ல் வந்த இங்கிலாந்தின் பாடத்திட்டத்துக்கு நான்கு பேர் கொண்ட நிபுணர் குழு போட்டார்கள். அதில் ஆண்ட்ரூ பொல்லார்ட், மேரி ஜேம்ஸ் இருவரும் அரசு போகும் திசையை ஏற்காமல் வெளிப்படையாகவே விமர்சித்தார்கள். பிடித்த ஆதாரத்தை எடுத்துக்கொண்டு பிடிக்காததை விடுவது அங்கேயும் உண்டு. ஃபோனிக்ஸ் விஷயத்திலும், இங்கிலாந்து அதை மட்டும் பிடித்துக்கொண்டது அதிகப்படி என்று லண்டன் யுசிஎல்லின் டொமினிக் வைஸும் ஆலிஸ் பிராட்பரியும் 2022ல் வாதிட்டார்கள். 2022 பீசாவில் போதிய மாணவர்கள் பங்கேற்காததால் பிரிட்டனின் எண்களுக்குப் பக்கத்தில் ஓஈசிடி நட்சத்திரக் குறி போட்டது. இங்கிலாந்தின் மதிப்பெண் கொஞ்சம் கூடுதலாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

ஆனாலும் ஒரு வித்தியாசம். இங்கிலாந்தின் முடிவு தப்பு என்று நிரூபிக்க வேண்டுமானால் எண்கள் இருக்கின்றன. ஃபோனிக்ஸ் சோதனை முடிவுகள் இருக்கின்றன, பர்ல்ஸ் இருக்கிறது, டிம்ஸ் இருக்கிறது. வைஸும் பிராட்பரியும் சண்டை போட முடிந்ததே அதனால்தான். வேல்ஸ் இந்த இரண்டு சர்வதேசத் தேர்விலும் இல்லை. அங்கே சண்டை போடக்கூடச் சரக்கு கிடையாது.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஏன் இப்படி? என் ஊகம் இது. அதிகாரம் பகிர்ந்து கிடைத்த அரசுக்கு முதல் வேலை, தான் தனி என்று காட்டுவது. 2002ல் வேல்ஸின் முதலமைச்சர் ரோட்ரி மார்கன் ஸ்வான்சியில் ஒரு பேச்சுப் பேசினார். லண்டனிலிருந்த தன் கட்சி அரசுக்கும் கார்டிஃபுக்கும் நடுவே தெளிவான சிவப்பு நீர் ஓடுகிறது என்ற தொடர் அந்த உரையின் பிரதியில் இருந்தது. மேடையில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்பார்கள். சொல்லாத தொடர்தான் இருபது வருடக் கொள்கைக்குப் பெயராக நிலைத்தது.

தனி என்று காட்டுவது தப்பில்லை. வேல்ஸ் மொழியும் வரலாறும் லண்டன் பாடத்திட்டத்தில் ஓரத்தில் கிடந்தன. அதை மாற்ற வேல்ஸுக்கு முழு உரிமை உண்டு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், அறிவியல்ரீதியாக மிகப் பயனுள்ள ஒப்பீடு எதுவோ அதுவே அரசியல்ரீதியாக மிகக் கசப்பானது. ஃபின்லாந்தோடு ஒப்பிட்டால் யாருக்கும் கோபம் வராது, கற்றதும் குறைவு. செவர்ன் பாலத்தைத் தாண்டி பிரிஸ்டலோடு ஒப்பிட்டால் நிறையக் கற்கலாம், ஆனால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். பக்கத்து வீட்டுக்காரன் மார்க்கைக் கேட்கக்கூடாது என்று எல்லா வீட்டிலும் ஒரு விதி இருக்கிறது இல்லையா, அதுதான்.

2024 மார்ச்சில் ஐஎஃப்எஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் லூக் சிபியேட்டா அந்த விதியை மீறினார். 2022 பீசாவில் வேல்ஸுக்குக் கணிதத்திலும் வாசிப்பிலும் 466. வறுமை அதிகம் அதனால்தான் என்ற வழக்கமான பதிலை அவர் சோதித்தார். நிற்கவில்லை. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் வேல்ஸின் ஏழைப் பிள்ளைகளைவிடச் சுமார் 30 புள்ளி அதிகம் வாங்கியிருந்தார்கள். வேல்ஸின் எல்லாப் பிள்ளைகளின் சராசரிக்கு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் சமமாகவோ மேலாகவோ இருந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைப் புதிய பாடத்திட்டத்தின் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. அது தப்பு. வேல்ஸின் புதிய பாடத்திட்டம் ஆரம்பப் பள்ளிகளில் தொடங்கியது 2022 செப்டம்பரில். அந்த வருடம் பீசா எழுதிய பதினைந்து வயதினர் அதைத் தொட்டதே இல்லை. அந்த எண் பழைய முறையின் மதிப்பெண். புதியதற்கு இன்னும் மதிப்பெண்ணே வரவில்லை.

எப்போது வரும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2022 செப்டம்பரில் நாலு வயதில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைதான் முழுக்க முழுக்கப் புதிய பாடத்திட்டத்தில் வளரும் முதல் தலைமுறை. 2025க்குப் பிறகு பீசா நாலு வருடத்துக்கு ஒருமுறை. அந்தப் பிள்ளை 2033ல் எழுதும். முடிவு அதற்கு அடுத்த வருடம். பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்றால் அதைக் கணக்குப் பார்ப்பது என்று சொல்ல முடியாது. அஸ்தி கரைப்பதற்கு ஒப்பு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாப் பள்ளிகளையும் பட்டியல் போட வேண்டாம். ஏழு வயதில், பதினொரு வயதில், நாடு முழுக்கச் சில ஆயிரம் பிள்ளைகளை மாதிரியாக எடுத்து, கேள்வித்தாளை மாற்றாமல், ஆட்சி மாறினாலும் நிறுத்தாமல், ஒழுங்காக அளக்கலாம். எந்தப் பள்ளியின் பெயரும் வெளியே வராது, எந்த ஆசிரியருக்கும் தலைகுனிவு இல்லை. முடிவு சரியில்லை என்றால் எந்தப் பகுதியை மாற்றுவோம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அதிகாரப் பகிர்வு தரும் சுதந்திரத்துக்கு இது எதிரி இல்லை. வித்தியாசமாகச் செய்யும் உரிமைக்கு இது ஒரு காவல்.

என் மகள் கதைக்கு முடிவு சொல்லிவிடுகிறேன். அந்த டிசம்பர் விடுமுறையில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, படத்தை அட்டையால் மறைத்து, ஒலி ஒலியாகச் சேர்க்கச் சொல்லிக்கொடுத்தோம். மூன்று மாதத்தில் பிடித்துக்கொண்டாள். இதை வைத்து எந்த முறைக்கும் நான் சான்றிதழ் தரமாட்டேன். ஒரு குழந்தை ஒரு ஆய்வு ஆகாது. ஒருவேளை ஆசிரியை சொன்னதுபோலத் தானாகவே வந்திருக்கலாம்.

என் நினைவில் நிற்பது அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவன். அவன் அம்மா இரவு ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், காலையில் கேட்டருகே தூக்கக் கண்ணோடு நிற்பார். ஒருநாள் என்னிடம், "என் பையன் நல்லாப் படிக்கிறான், எல்லாப் புத்தகத்தையும் கடகடன்னு படிச்சுடறான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் சிரித்துத் தலையாட்டினேன். படத்தை மறைத்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை. அந்நிய ஊர், அடுத்தவர் பிள்ளை, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியது ஒரு எண். அப்படி ஒரு எண்ணை அந்த நாட்டில் யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை.